வலைவழங்கியில் பி.எச்.பி.: மூன்று வழிகளும் தேர்வும்



தேர்வு முடிவு வெளியாகும் நாளன்று ஒரு கல்லூரியின் இணையத்தளம் நின்றுபோவதை நம்மிற் பலர் கண்டிருப்பர். காலை பத்து மணிக்கு முடிவு வெளியாகும் என்று அறிவித்திருப்பார்கள். பத்து அடித்ததும் மாணவர்களும் பெற்றோர்களும் ஆயிரக்கணக்கில் ஒரே சமயத்தில் அந்தப் பக்கத்தைத் திறப்பார்கள். சிறிது நேரம் வெறுந்திரை; பிறகு ஒரு பிழைச்செய்தி. அதன்பின் தளமே திறவாது. "கணிப்பொறி சிறியது, பெரியதாக ஒன்று வாங்க வேண்டும்" என்று முடிவு செய்வார்கள். பணமும் செலவாகும். ஆனால், பல சமயங்களில் குறை கணிப்பொறியின் அளவில் இருப்பதில்லை. அதனுள் நிரலை இயக்குவதற்கு மேற்கொண்ட முறையில் இருக்கின்றது. அம்முறைகள் யாவை, அவற்றுள் ஒன்றைத் தேர்வது எங்ஙனம் என்பதே இன்றைய பேச்சின் பொருள்.

முதலில் வலைவழங்கி என்பது யாது என்று தெளிவுபடுத்திக்கொள்வோம். வழக்கில் சர்வர் என்று சொல்லப்படுவது அதுவே. நம் கைப்பேசியிலுள்ள உலாவி, "இன்ன பக்கத்தைக் கொடு" என்று கேட்கின்றது. வழங்கி அதை எடுத்துக் கொடுக்கின்றது. கேட்ட பொருள் ஒரு படமாகவோ, முன்னரே எழுதி வைத்த பக்கமாகவோ இருந்தால் வேலை எளிது. கோப்பை எடுத்து அனுப்பினால் போதும். ஆனால், ஒரு மாணவரின் பதிவெண்ணைப் பெற்று, தரவுத்தளத்தில் தேடி, அவருடைய மதிப்பெண்களைப் பட்டியலிட்டுக் காட்ட வேண்டுமாயின், அப்பக்கம் கேட்ட பின்னரே எழுதப்பட வேண்டும். அதனை எழுதும் வேலை வழங்கிக்கு உரியதன்று. வேறொரு நிரல்மொழிக்கு உரியது. அத்தகைய மொழிகளுள் பெரிதும் வழங்குவது பி.எச்.பி.

இம்மொழியின் பிறப்பு மிக எளியது. கிரீன்லாந்தில் பிறந்தவரான ராஸ்மஸ் லெர்டார்ஃப் என்பவர், தம்மைப் பற்றிய விவரப் பக்கத்தை எத்தனை பேர் பார்க்கின்றனர் என்று அறிவதற்காக 1994-ஆம் ஆண்டில் சில சிறு கருவிகளைச் செய்துகொண்டார். 1995-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் அவற்றை யாவருக்கும் வெளியிட்டார். ஆண்டி குட்மன்ஸ், ஜீவ் சுராஸ்கி என்னும் இருவர் துணை நிற்க, 1998-இல் மூன்றாம் பதிப்பு வெளிவந்தது. ஒருவர் தமக்கென்று செய்துகொண்ட சிறு கருவி, வேர்டுபிரஸ், மீடியாவிக்கி போன்ற பெருநிரல்களைத் தாங்கும் மொழியாக வளர்ந்தது. நாம் படிக்கும் தமிழ் விக்கிப்பீடியாவின் பக்கங்களும் இம்மொழியாலேயே எழுதித் தரப்படுகின்றன.

இனி ஒரு சொல்லை விளக்கிவிட்டு மேலே செல்வோம். கணிப்பொறி ஒரு நிரலை ஓட்டத் தொடங்கும்போது, அதற்கென நினைவகத்தில் தனி இடம் ஒதுக்குகின்றது. இன்ன பயனரின் பெயரால் ஓடுகின்றது என்ற அடையாளத்தையும் அளிக்கின்றது. இங்ஙனம் ஓடிக்கொண்டிருக்கும் ஒன்றைப் புராசஸ் என்பர். நாம் அதனை இயக்கம் என்று சொல்வோம். இயக்கத்திற்கு இடமும் வேண்டும், பெயரும் வேண்டும் என்னும் இரண்டையும் நினைவிற் கொள்க. நாம் பின்னர்க் காணப்போகும் எல்லாச் சிக்கல்களும் இவ்விரண்டிலிருந்தே எழுகின்றன.

முதல் வழி சி.ஜி.ஐ. எனப்படுவது. அமெரிக்காவில் இல்லினாய் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த கணிப்பு மையத்தில் 1993-ஆம் ஆண்டில் இது வகுக்கப்பட்டது. இதனை ஓர் உணவு விடுதியை வைத்து விளக்கலாம். விருந்தாளி ஒருவர் வந்து அமர்கின்றார். உடனே ஊருக்குள் ஆள் அனுப்பிச் சமையற்காரரை அழைத்து வருகின்றார்கள். அவர் அடுப்பு மூட்டி, ஓர் இலைக்கு வேண்டியதைச் சமைத்துக் கொடுத்து, அடுப்பை அணைத்துவிட்டு வீடு திரும்புகின்றார். அடுத்த விருந்தாளி வந்தால் மீண்டும் ஆள் போக வேண்டும். சி.ஜி.ஐ. முறையில் ஒவ்வொரு கோரிக்கைக்கும் ஓர் இயக்கம் புதிதாகத் தொடங்கி, தன் அமைப்புகளைப் படித்து, நிரலை மொழிபெயர்த்து, பக்கத்தை எழுதி, மறைகின்றது. விருந்தாளிகள் அருகி வரும் இடத்தில் இதனால் தீங்கில்லை. பந்தி நிறைய ஆட்கள் வந்தால், சமைக்கும் நேரத்தைவிட அழைத்து வரும் நேரமே மிகுதியாகிவிடும்.

இம்முறைக்கு ஒரு சிறப்பு உண்டு. வேலை முடிந்ததும் இயக்கம் முற்றிலும் மறைவதால், ஒருவருடைய செய்தி மற்றொருவருடைய பக்கத்தில் கலப்பதற்கு இடமில்லை. ஒவ்வொரு தளத்தின் நிரலையும் அதன் உரிமையாளரின் பெயராலேயே ஓட்டவும் இயலும். எனினும், இதன் வரலாற்றில் ஓர் எச்சரிக்கையும் உண்டு. முகவரியில் கேள்விக்குறிக்குப் பின் எழுதும் சொற்களை, பி.எச்.பி.யின் சி.ஜி.ஐ. நிரல் தனக்கு இட்ட கட்டளைகளாக எடுத்துக்கொள்ளும் குறை 2012-ஆம் ஆண்டு மே மாதத்தில் வெளியாயிற்று. முகவரியில் சில எழுத்துகளைச் சேர்த்த மாத்திரத்தில் தளத்தின் மூல நிரலையே வெளியிடச் செய்ய முடிந்தது. குறை திருத்தப்பட்டது. ஆயினும், பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து, 2024 ஜூன் மாதத்தில், விண்டோஸ் இயங்குதளத்தில் வேறு ஓர் எழுத்து கட்டளைக் குறியாக மாற்றிக்கொள்ளப்பட்டதால் அதே வாயில் மீண்டும் திறந்தது. அதற்கும் திருத்தம் வந்தது. பழைய முறை என்பதனாலேயே ஒன்று பாதுகாப்பானது என்று கருதுவது தவறு என்பதற்கு இது சான்று.

இரண்டாம் வழி, வழங்கியின் உள்ளேயே மொழியைப் பொருத்திவிடுவது. 1995-இல் தோன்றிய அப்பாச்சி என்னும் வழங்கி, வேறு கூறுகளைத் தன்னுள் இணைத்துக்கொள்ளும் வகையில் அமைந்தது. அவ்வாறு இணைக்கப்பட்ட பி.எச்.பி. கூறினை மாட் பி.எச்.பி. என்பர். 1990-களின் பிற்பகுதியில் இது பெரிதும் பரவிற்று. நம் உணவு விடுதியில், இலையில் பரிமாறுகின்ற ஒவ்வொருவரும் இடுப்பில் ஓர் அடுப்பைக் கட்டிக்கொண்டு திரிவதற்கு இது ஒப்பாகும். ஆளை அழைத்துவர வேண்டியதில்லை; அடுப்பு எப்போதும் எரிகின்றது; கேட்டவுடன் சமைக்கலாம். நிறுவுவதும் எளிது. ஒரே தளத்தை வைத்திருப்பவர் பலர் நெடுங்காலம் இதனாலேயே பயன் பெற்றனர்; இன்றும் பெறுகின்றனர்.

ஆனால், தண்ணீர் மட்டும் ஊற்றுகின்றவரும் அடுப்பைச் சுமக்க வேண்டியிருக்கின்றதே! ஒரு பக்கத்தில் பி.எச்.பி. எழுதும் பகுதி ஒன்றே ஒன்று. அதனுடன் செல்லும் படங்களும் அழகுக் கோப்புகளும் பல. அவற்றைக் கொடுக்கும் இயக்கங்களும் பி.எச்.பி.யின் சுமையைத் தாங்கியே நிற்கின்றன. மேலும், இவ்வமைப்பில் அப்பாச்சி பெரும்பாலும் பிரிஃபோர்க் என்னும் முறையில் ஓடுகின்றது. அதாவது, ஒரு தொடர்புக்கு ஓர் இயக்கம். கேட்டதைக் கொடுத்த பின்னும், அதே ஆள் வேறேதேனும் கேட்பாரோ என்று அவ்வியக்கம் சில விநாடிகள் காத்து நிற்கும். அப்பாச்சியின் இயல்பான அமைப்பில் அது ஐந்து விநாடி. அடுப்பு வீணே எரிந்துகொண்டிருக்கும்.

இங்கே ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு கல்லூரியின் கணிப்பொறியில் ஏறத்தாழ 4,000 மெகாபைட் நினைவகம் இருப்பதாகக் கொள்வோம். பி.எச்.பி.யைச் சுமக்கும் ஒவ்வோர் இயக்கமும் 50 மெகாபைட் எடுத்துக்கொள்வதாகவும் கொள்வோம். பிரிஃபோர்க் முறையில் அப்பாச்சி இயல்பாக அனுமதிக்கும் இயக்கங்களின் உச்ச எண்ணிக்கை 256. அத்தனையும் ஒரே சமயத்தில் எழுந்தால் 12,800 மெகாபைட் வேண்டும். இருப்பதோ அதில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு. அப்போது கணிப்பொறி, நினைவகத்தில் இடமின்றி, வட்டில் எழுதியும் படித்தும் தத்தளிக்கும். விநாடியில் முடிய வேண்டிய வேலை நிமிடங்களாக நீளும். பொறுமை இழந்த மாணவர்கள் மீண்டும் மீண்டும் பொத்தானை அழுத்துவர். கோரிக்கைகள் இன்னும் பெருகும். தேர்வு முடிவு நாளன்று நேர்வது பெரும்பாலும் இதுதான். சாதாரண நாளில் இருபது இயக்கங்களே எழுவதால், இக்குறை ஆண்டு முழுவதும் வெளியே தெரிவதில்லை.

இடத்தைப் பற்றிக் கூறினோம். பெயரைப் பற்றியும் கூற வேண்டும். மாட் பி.எச்.பி.யில் எல்லாத் தளங்களின் நிரல்களும் வழங்கியின் பெயராலேயே ஓடுகின்றன. ஒரே கணிப்பொறியில் கல்லூரியின் தளமும், விடுதியின் தளமும், மாணவர் மன்றத்தின் தளமும் இருப்பதாகக் கொள்வோம். மன்றத்தின் தளத்தில் ஒரு பழைய செருகுநிரல் வழியாகத் தீயவர் ஒருவர் புகுந்துவிட்டால், கல்லூரித் தளத்தின் அமைப்புக் கோப்பையும் அவர் படித்துவிடலாம். ஏனெனில் இயங்குதளத்தின் கண்களுக்கு இருவரும் ஒருவரே. அக்கோப்பில்தான் மதிப்பெண் தரவுத்தளத்தின் கடவுச்சொல் எழுதப்பட்டிருக்கின்றது. இதனைத் தடுப்பதற்காகப் பி.எச்.பி.யிலேயே சேஃப் மோட் என்று ஒரு தடை வைத்திருந்தனர். இயங்குதளம் செய்ய வேண்டிய காவலை மொழி செய்ய முயன்றது பொருந்தவில்லை. 2012-இல் வெளிவந்த 5.4-ஆம் பதிப்பில் அத்தடை நீக்கப்பட்டது. பூட்டை வாயிலில் போட வேண்டும்; பெட்டிக்குள் எச்சரிக்கைச் சீட்டு எழுதி வைத்துப் பயனில்லை.

மூன்றாம் வழி இவ்விரண்டின் நன்மைகளையும் சேர்க்கின்றது. 1990-களின் நடுவில் ஓப்பன் மார்க்கெட் என்னும் அமெரிக்க நிறுவனம் ஃபாஸ்ட் சி.ஜி.ஐ. என்னும் உடன்பாட்டை வகுத்தது. இதன்படி, நிரலை ஓட்டும் இயக்கங்கள் வழங்கிக்கு வெளியே தனியே நிற்கின்றன. ஒரு வேலை முடிந்ததும் மறையாமல் அடுத்த வேலைக்குக் காத்திருக்கின்றன. பி.எச்.பி.க்கென இவ்வியக்கங்களை நிர்வகிக்கும் எஃப்.பி.எம். என்னும் மேலாளரை ஆந்திரேய் நிக்மதூலின் என்பவர் தனி இணைப்பாகச் செய்தார். 2010 ஜூலையில் வெளிவந்த 5.3.3 பதிப்பில் அது பி.எச்.பி.யின் பகுதியே ஆயிற்று. உணவு விடுதியில் இப்போது தனிச் சமையற்கட்டு அமைந்துவிட்டது. அதில் இத்தனை சமையற்காரர் என்று எண்ணி வைத்திருக்கின்றோம். பரிமாறுபவர் ஒரு சிறு சாளரத்தின் வழியே வேண்டியதைச் சொல்லிப் பெற்றுக்கொள்கின்றார். தண்ணீரும் இலையும் கேட்பவர்களுக்குச் சமையற்கட்டின் பக்கமே போக வேண்டியதில்லை.

ஈகோர் சிசோயெவ் 2004-ஆம் ஆண்டில் வெளியிட்ட எஞ்சின் எக்ஸ் என்னும் வழங்கி, சில இயக்கங்களைக் கொண்டே ஆயிரக்கணக்கான தொடர்புகளைத் தாங்கவல்லது. பி.எச்.பி.யைத் தன்னுள் வைத்துக்கொள்ளாமல் இச்சாளர முறையையே அது கையாள்கின்றது. அப்பாச்சியும் 2012-இல் வந்த 2.4-ஆம் பதிப்பு முதல், ஈவெண்ட் என்னும் இலேசான முறையில் ஓடிக்கொண்டு, எஃப்.பி.எம்.முடன் இணையலாம். ஆகவே, மூன்றாம் வழிக்கு மாற விரும்புவோர் அப்பாச்சியைக் கைவிட வேண்டும் என்பது இல்லை. பெயரின் சிக்கலும் இங்குத் தீர்கின்றது. கல்லூரிக்கு ஒரு குழு, விடுதிக்கு ஒரு குழு, மன்றத்திற்கு ஒரு குழு என்று வகுத்து, ஒவ்வொன்றையும் தனித்தனிப் பயனரின் பெயரால் ஓட்டலாம். அமைப்புக் கோப்பை உரிமையாளர் மட்டுமே படிக்குமாறு செய்துவிட்டால், மன்றத்தின் தளத்தில் புகுந்தவர் கல்லூரியின் கோப்பைத் திறக்க முயன்றால், இயங்குதளமே மறுத்துவிடும். முன்பின் அறியாதவர்களின் தளங்களாயின், குழுக்களைப் பிரிப்பதோடு நில்லாமல் கணிப்பொறியையே பிரித்து வைப்பது நன்று.

இடத்தின் சிக்கல் தானே தீர்ந்துவிடுவதில்லை. அதை நாம் கணக்கிட்டுத் தீர்க்க வேண்டும். முன் சொன்ன 4,000 மெகாபைட்டில் இயங்குதளத்திற்கும் தரவுத்தளத்திற்கும் 1,000 விட்டுவிடுவோம். எஞ்சியது 3,000. ஓர் இயக்கத்திற்கு 50 என்றால், 60 இயக்கங்கள் வைக்கலாம். ஒரு கோரிக்கை ஐந்தில் ஒரு விநாடியில் முடியுமானால், அறுபது பேர் சேர்ந்து விநாடிக்கு 300 கோரிக்கைகளை முடிப்பர். பத்தாயிரம் மாணவர்கள் ஒரே நொடியில் கேட்டாலும், அரை நிமிடத்திற்குச் சற்று மேற்பட்ட காலத்தில் அனைவருக்கும் விடை கிடைத்துவிடும். தரவுத்தளத்தின் தேடல் மந்தமாகி ஒரு கோரிக்கைக்கு இரண்டு விநாடி ஆனால், அதே வேலைக்கு ஐந்தரை நிமிடம் பிடிக்கும். கணக்கிடும் பணியே மிகுதியாயின், கணிப்பொறியிலுள்ள செயலிகளின் எண்ணிக்கையே எல்லையாக அமையும். எப்படியாயினும், காத்திருப்போர் வரிசையில் நிற்பர். சமையற்கட்டு இடிந்து விழாது. முதல் மாணவருக்கும் பதினாயிரமாவது மாணவருக்கும் இடையே நேர வேற்றுமை உண்டாகும்.

இவ்வழியிலும் குறைகள் உண்டு. அவற்றை மறைத்தல் முறையன்று. எஃப்.பி.எம்.முடன் வரும் மாதிரி அமைப்பில் இயக்கங்களின் உச்ச எண்ணிக்கை ஐந்துதான். அதை மாற்றாமல் விட்டால், நினைவகம் பெரிதும் வெறுமையாக இருக்கையிலேயே தளம் மந்தமாகிவிடும். பதிவேட்டில் அதுபற்றிய எச்சரிக்கை எழுதப்பட்டிருக்கும்; படிப்பவர் வேண்டும். சமையற்கட்டு மூடியிருந்தால் எஞ்சின் எக்ஸ் 502 என்னும் பிழையையும், சமையல் தாமதமானால் 504 என்னும் பிழையையும் காட்டும். இவ்விரண்டு எண்களையும் அறிந்தவர் குறை எங்கே என்று உடனே காண்பார். மாட் பி.எச்.பி.யில் எச்.டி.ஆக்சஸ் என்னும் கோப்பில் எழுதிவந்த பி.எச்.பி. அமைப்புகள் இங்குச் செல்லா. அவற்றை யூசர் இனி என்னும் கோப்புக்கு மாற்றாவிடில் தளம் திறவாமற் போகலாம். வழங்கிக்கும் மேலாளருக்கும் இடையே முகவரியைப் பிரிக்கும் விதிகளைப் பிழையாக எழுதினால் அதுவும் ஆபத்து. 2019 அக்டோபரில், எஞ்சின் எக்ஸில் ஒருவகையாக எழுதப்பட்ட விதிகளின் வழியே எஃப்.பி.எம்.முக்குள் புகக்கூடிய குறை ஒன்று வெளியாகித் திருத்தப்பட்டது.

"எது மிக வேகமானது?" என்று கேட்பவர் பலர். இக்கேள்வி முதலில் வர வேண்டியதன்று. சி.ஜி.ஐ.யை நீக்கிவிட்டால், மற்ற இரண்டுக்கும் நிரலை ஓட்டும் வேகத்தில் பெரிய வேற்றுமை இல்லை. ஓட்டுவது ஒரே பி.எச்.பி.தான். வேகத்தைக் கூட்டுவது வேறு. மொழிபெயர்த்த நிரலை நினைவகத்தில் வைத்து மீண்டும் பயன்படுத்தும் ஆப்கேஷ் என்னும் கூறு, 2013-இல் வந்த 5.5-ஆம் பதிப்பிலிருந்து உடன் வருகின்றது. 2015 டிசம்பரில் வந்த ஏழாம் பதிப்பு, மொழியின் உள்ளமைப்பையே திருத்தி வேகத்தைப் பெரிதும் உயர்த்திற்று. வழியை மாற்றுவதற்குமுன் பதிப்பைப் புதுப்பித்தலும், தரவுத்தளத்தின் தேடலைச் செம்மையாக்கலும் அதிகப் பயன் தரும்.

நான்காவதாக ஒரு வழியும் தோன்றியிருக்கின்றது. 2023 டிசம்பரில் முதற்பதிப்பு கண்ட ஃபிராங்கன் பி.எச்.பி. போன்றவை, நிரலையே நினைவகத்தில் நிலைத்து நிற்கச் செய்யவல்லவை. வேகம் மிகும் என்பது உண்மை. ஆனால், பி.எச்.பி. ஒவ்வொரு கோரிக்கைக்குப் பின்னும் அனைத்தையும் மறந்துவிடுவது ஒரு பெருநன்மை. ஒரு மாணவருடைய மதிப்பெண் நிரலின் ஏதோ ஒரு மூலையில் தங்கி, அடுத்த மாணவருடைய பக்கத்தில் தோன்றினால் என்ன ஆகும்? மறத்தலை விட்டுக் கொடுப்போர், அதற்கேற்ற விழிப்போடு எழுதப்பட்ட நிரல்களையே அங்கு ஓட்ட வேண்டும்.

ஆகவே, தேர்வு செய்வோர் தம்மைத் தாமே மூன்று கேள்விகள் கேட்டுக்கொள்க. இந்தக் கூரையின் கீழ் எத்தனை தளங்கள் வாழ்கின்றன? ஒன்றுக்கு மேற்பட்டால், தனித்தனிப் பெயரால் ஓட்டும் எஃப்.பி.எம். தக்கது. ஓர் இயக்கம் எத்தனை மெகாபைட் கொள்கின்றது? பிறர் சொன்ன எண்ணை நம்பாமல், தம் கணிப்பொறியில் அளந்து, இருக்கும் நினைவகத்தை அதனால் வகுத்து, அந்த எண்ணை எழுதி வைக்க வேண்டும். பதிவேட்டைப் படிப்பவர் யார்? அப்படி ஒருவரும் இல்லையாயின், கற்றறிந்த முறையையே வைத்துக்கொண்டு, உச்ச எண்ணிக்கையை மட்டுமாவது குறைத்துவிடுவது நலம். ஒரே தளத்தை மாட் பி.எச்.பி.யில் நடத்துபவர் 256 என்பதை 50 அல்லது 60 ஆக்கிவிட்டாலே, பாதி ஆபத்து நீங்கிவிடும். நாளுக்கு ஒருமுறை ஓடும் சிறு நிரலுக்குச் சி.ஜி.ஐ.யும் போதும், திருத்தங்களை உடனுக்குடன் சேர்ப்பது மட்டும் தவறக் கூடாது.

தேர்வு முடிவு நாளில் கைப்பேசியை ஏந்தி நிற்கும் ஒரு சிற்றூர் மாணவிக்கு இப்பெயர்களுள் ஒன்றும் தெரியாது. தெரிய வேண்டியதும் இல்லை. மேற்படிப்புக்கு விண்ணப்பிக்க அன்று மாலையே கடைசி நேரமாக இருக்கலாம். அவளுடைய மதிப்பெண் அவளுக்கு உரிய நேரத்தில் கிடைக்க வேண்டும். பிறர் கைக்குப் போகவும் கூடாது. இவ்விரண்டையும் காப்பது, யாரோ ஒருவர் ஒரு மாதத்திற்கு முன்னே உட்கார்ந்து போட்ட ஒரு வகுத்தல் கணக்கும், பிரித்து வைத்த பயனர் பெயர்களுமே ஆகும். அந்தக் கணக்கைப் போடுவதற்குப் பெரிய கணிப்பொறி வேண்டுவதில்லை. ஒரு துண்டுத் தாள் போதும்.